யாவரும் நலமா? – ஒரு பேய்ப்படமும் நம் வீட்டு நடுக்கூடமும்

நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் கடிதம் எழுதி வளர்ந்த தலைமுறைக்கு ஒரு வரி மனப்பாடம். 'இங்கு யாவரும் நலம். அங்கு யாவரும் நலமா?' இன்லண்ட் தாளின் முதல் வரி எப்போதும் அதுதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சலாக இருக்கலாம், சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் படுத்திருக்கலாம். அதற்காக முதல் வரி மாறாது. மெய்யான சங்கதி கீழே, மூன்றாம் மடிப்பில், எழுத்தைச் சுருக்கி எழுதிய இடத்தில் வரும். முதல் வரியை நம்பாமல் மூன்றாம் மடிப்பைத் தேடிப் படிக்கத் தெரிந்தவர்களே அன்று நல்ல வாசகர்கள்.

இந்த மங்கல வரியைப் பேய்ப்படம் ஒன்றுக்குத் தலைப்பாக வைத்தவர் இயக்குநர் விக்ரம் கே. குமார். 2009 மார்ச்சில் 'யாவரும் நலம்' தமிழிலும், '13பி' என்ற பெயரில் இந்தியிலும் வெளிவந்தது. மாதவன் இரண்டிலும் நாயகன். ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத். தமிழில் நல்ல பேய்ப்படம் எது என்று பேச்சு வந்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதன் பெயரைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. மலர்க்குழுவினர் 'தமிழும் ஊடகமும்' பற்றி எழுதச் சொன்னபோது என் நினைவுக்கு வந்ததும் இப்படம்தான். பேய்ப்படத்துக்கு மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தொலைக்காட்சிப் பெட்டி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு தமிழ்ப் படம் எனக்குத் தெரியவில்லை என்பதே என் பதில்.

கதை

படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது.

மனோகரின் கூட்டுக் குடும்பம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதின்மூன்றாம் மாடியில், 13பி என்ற புது வீட்டுக்குக் குடிவருகிறது. முதல் நாளிலிருந்தே சின்னச் சின்னக் கோளாறுகள். பால் திரிந்து போகிறது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. மின்தூக்கி மற்றவர்களுக்கு ஓடுகிறது, மனோகர் தனியாக ஏறினால் நகர்வதில்லை. வீட்டுக்குள் கைபேசியில் எடுத்தால் அவன் படம் மட்டும் கோணிக்கொள்கிறது. பிற்பகல் ஒரு மணிக்கு, அதாவது பதின்மூன்று மணிக்கு, 'யாவரும் நலம்' என்றொரு தொடர் தொடங்குகிறது. வீட்டுப் பெண்கள் அதில் ஒட்டிக்கொள்கிறார்கள். அத்தொடரிலும் ஒரு கூட்டுக் குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. அங்கே நடப்பது இங்கேயும் நடக்கிறது. முதலில் நல்லவை: தேர்ச்சி, பதவி உயர்வு, கர்ப்பம். பிறகு கெட்டவை. இதைக் கண்டுபிடிப்பவன் மனோகர் ஒருவனே. அந்தத் தொடர் அந்த வீட்டுப் பெட்டிக்கு மட்டுமே வருகிறது என்பதையும் அவனே கண்டறிகிறான்.

தோண்டிப் பார்த்தால், 1977-இல் அதே இடத்திலிருந்த வீட்டில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். திரையில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பித்தேறிய ஒரு ரசிகன், அவருக்குத் திருமணம் நிச்சயமானதை அறிந்து உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவன் சகோதரன் பழிவாங்குகிறான். கொலைப்பழியோ அதே வீட்டில் உயிர் தப்பிய, மனவளர்ச்சி குன்றிய ஒருவர் மேல் விழுகிறது. உண்மைக் கொலையாளி, மனோகர் குடும்பத்துக்கு நண்பராக நடமாடும் மருத்துவரே. அந்த முகத்தைக் கடைசியில் காட்டிக்கொடுப்பதும் பெட்டிதான்.

உலகப் பெட்டிப் பேய்கள்

தொலைக்காட்சியை வைத்துப் பயமுறுத்திய படங்கள் பிற நாடுகளில் முன்பே வந்தவை. 1982-இல் டோப் ஹூப்பர் இயக்கிய 'போல்டர்கைஸ்ட்' படத்தில், ஒளிபரப்பு முடிந்தபின் திரையில் இரையும் வெறும் புள்ளிக் கூட்டத்தோடு ஒரு சிறுமி பேசுகிறாள். படம் முடியும்போது அப்பா செய்யும் காரியம், தங்கிய அறையிலிருந்து தொலைக்காட்சியை வெளியே தள்ளிவிடுவது. 1983-இல் கனடாவின் டேவிட் குரோனென்பர்க் எடுத்த 'வீடியோட்ரோம்' இந்த வகையின் மூலநூல் எனலாம். டொராண்டோவில் சிறு ஒளிபரப்பு நிலையம் நடத்துபவன், சித்திரவதைக் காட்சிகள் ஓடும் ஒரு மர்ம அலைவரிசையைப் பார்க்கப் போய், தன் உடம்பே வீடியோ நாடா செருகும் பொறியாக மாறக் காண்கிறான். 1998-இல் ஹிடியோ நகாதாவின் ஜப்பானியப் படமான 'ரிங்' வந்தது. ஒரு நாடாவைப் பார்த்தவர் ஏழாம் நாள் சாவார். நீள்கூந்தல் பேய் திரையைக் கடந்து அறைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பேய் வருவது வழக்கமான நிகழ்ச்சியின் வழியாக அல்ல. ஒளிபரப்பு நின்ற பிறகு, அல்லது கள்ள அலைவரிசையில், அல்லது பெயரில்லாத நாடாவில் வருகிறது. தொடக்கூடாததைத் தொட்டவர்களே அகப்படுகிறார்கள். 'யாவரும் நலம்' இந்த வழியைப் பின்பற்றவில்லை. இங்கே பேய் பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், தலைப்பு இசையோடு குடும்பத் தொடராக வருகிறது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை. ஒரு மணிக்குப் பெட்டியைப் போட்டார்கள், அவ்வளவுதான். பாழடைந்த பங்களாவையும் வெள்ளைச் சேலையையும் கொலுசுச் சத்தத்தையும் நம்பியிருந்த தமிழ்ப் பேய், சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் என்று தொடர்கள் வீட்டை ஆண்ட பத்தாண்டில் தன் விலாசத்தை மாற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

செய்தி வாசித்தவள் ஏன் தொடராக வந்தாள்?

இறந்த பெண்ணின் தொழிலை இயக்குநர் எண்ணித்தான் தேர்ந்திருக்க வேண்டும். சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். ஆகவே 1977-இல் செய்தி வாசித்த ஒரு பெண், தமிழ்நாட்டு வீடுகள் திரையில் கண்ட முதல் முகங்களில் ஒன்றாக இருந்திருப்பாள். ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவள் அவள். ஆனால் அவள் சாவைப் பற்றிய செய்தி பொய்யாக வெளிவந்தது. நிரபராதி கொலைகாரன் ஆனான். முப்பதாண்டு கழித்து உண்மையைச் சொல்ல வருகிறவள், செய்தியாக வராமல் தொடராக வருகிறாள். ஏனென்று கேட்டால், செய்திக்கு அந்த வீட்டில் ஆளில்லை. தொடருக்குத்தான் நடுக்கூடம் நிறைகிறது.

குமரி மாவட்டத்திலிருந்து இங்கு வந்த குடும்பங்களுக்கு இது புதிய முறையே அல்ல. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு எதற்கு? அநியாயமாகக் கொலையுண்டவர்கள் தெய்வமாகி நிற்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்கள் கதையை, பிறந்ததிலிருந்து வெட்டுப்பட்டது வரை, அவர்கள் முன்னாலேயே பாட வேண்டும். சாவுப் பகுதி வரும்போது குடமும் உடுக்கையும் வேகம் எடுக்கும், கோமரத்தாடி மேல் சாமி இறங்கும். தன் கதையைக் கேட்டுத்தான் தெய்வம் ஆடுகிறது. முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிடாமல் ஆரல்வாய்மொழியைத் தாண்டாத பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இசக்கிக்கும் நீலிக்கும் வேண்டியிருப்பது முதலில் பலியல்ல, நடந்ததை நடந்தபடி நாலு பேர் முன் யாராவது சொல்ல வேண்டும் என்பதே.

அந்த வகையில், 13பி வீட்டுப் பெட்டியில் ஓடியது தொடரல்ல, ஒரு வில்லுப்பாட்டு என்பது என் கருத்து. வேறுபாடு ஒன்று உண்டு. கொடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, பாடப்படுவது யார் கதை, அதில் தமக்கு என்ன பங்கு என்று தெரியும். கொன்றவர் வழியா, கொலையுண்டவர் வழியா, வேடிக்கை பார்த்தவர் வழியா என்றுகூடத் தெரியும். பெட்டியின் முன்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கதை வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் 'இது எனக்கு' என்று எழுந்து வாங்கிக்கொள்ள ஆளில்லை. படத்தின் பயம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இரண்டு பார்வையாளர்கள்

இப்போது அந்த ரசிகனையும் இந்தக் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1977-இல் ஒருவன், ஊருக்கே பொதுவாகச் செய்தி வாசித்தவள் தன் ஒருவனைப் பார்த்துப் பேசுவதாக நம்பினான். முப்பதாண்டு கழித்து ஒரு குடும்பம், தனக்கென்றே வந்த கதையை ஊருக்கெல்லாம் பொதுவான கதை என்று நம்பியது. ஒருவன் தன்னுடையதல்லாததைத் தன்னுடையது என்றான். இவர்கள் தம்முடையதைத் தம்முடையதல்ல என்றார்கள். முதல் மயக்கத்தால் ஒரு குடும்பம் அழிந்தது. இரண்டாவது மயக்கத்தால் இன்னொரு குடும்பம் அழியப் பார்த்தது. மனோகர் தப்பித்ததற்குக் காரணம் வீரமல்ல. அவன் பாதி பார்த்தான், பாதி சந்தேகப்பட்டான், அடுத்த வீட்டுப் பெட்டியில் என்ன ஓடுகிறது என்று போய் ஒப்பிட்டான். விமரிசனம் என்று நாம் பெரிய பெயர் வைத்திருப்பதும் இந்தக் காரியத்தைத்தான்.

தொலைக்காட்சி கெட்டது, அணைத்து வையுங்கள் என்று இந்தப் படம் சொல்லவில்லை. பெட்டியை உடைத்திருந்தால் உண்மை வெளிவந்திருக்காது. 'போல்டர்கைஸ்ட்' அப்பாவைப்போல் வெளியே தள்ளியிருந்தால் மருத்துவர் கடைசிவரை வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டேதான் இருந்திருப்பார்.

பெண்களைப் பற்றி ஒரு மறுப்பு

ஆனால் ஓரிடத்தில் படத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் தவறாமல் பார்க்கும் பெண்கள் ஒருவருக்குக்கூடத் தொடரின் ஒற்றுமை புலப்படவில்லையாம். வேலைக்குப் போகும் ஆண், எப்போதாவது எட்டிப் பார்ப்பவன், கண்டுபிடித்துவிட்டானாம். இதை எழுதியவர்கள் எந்த வீட்டிலும் ஒரு மணித் தொடரைப் பெண்களோடு உட்கார்ந்து பார்த்ததில்லை போலும்!

ஆரியசாலையில் எங்கள் வரிசையில் ஓர் ஆச்சி இருந்தார். 'கோலங்கள்' ஓடும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனால் இரண்டு கதை கேட்கலாம், திரையில் ஒன்று, அவர் வாயில் ஒன்று.

"அவ பேசுகதக் கேட்டியா? நம்ம மூத்த மருமவ மாரியேல்லா இருக்கு."

"மெதுவா ஆச்சி, அடுக்களையில கேக்கும்."

"கேக்கட்டும். கேக்கதுக்குத்தானே சொல்லுகேன்."

அடுக்களையிலிருந்து மருமகளும் சும்மா இருக்க மாட்டார். "அந்த மாமியாக்காரி நடிப்பு இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு, கேட்டீங்களா அத்தை?" என்று ஒரு குரல் வரும். நேரில் சொன்னால் சண்டையாகிவிடும் வார்த்தைகளை அந்த வீடு தொடரின் மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டது. இவர்களா தம் கதையைத் தெரிந்துகொள்ளாதவர்கள்? 13பி-யில் ஆச்சி இருந்திருந்தால் முதல் நாளே மர்மம் உடைந்திருக்கும், படம் அரைமணியில் முடிந்திருக்கும்.

இருந்தாலும் இயக்குநர் பக்கம் ஒரு நியாயமும் சொல்லலாம். ஆச்சிக்கு எல்லாத் தொடரும் நம்ம வீட்டுக் கதைதான். எல்லாமே நம் வீட்டுக் கதை என்று பழகியவருக்கு, மெய்யாகவே நம் வீட்டுக் கதை வரும் நாளில் அது எப்படித் தனியாகத் தெரியும்? படத்துப் பெண்களின் அமைதிக்கு இப்படி ஒரு விளக்கம் தரலாம். ஆனால் படம் அதைத் தரவில்லை. அவர்களை வெறுமனே வாய்பிளந்து உட்கார வைத்துவிட்டது. நல்ல படத்தில் இது குறைதான்.

நம் நடுக்கூடம்

இனி நம்மைப் பற்றி. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்னை வீடுகளுக்குத் தொலைக்காட்சியோடு தமிழும் சேர்ந்து வந்தது. நமக்கு அப்படி இல்லை. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985-இல் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியபோது நாம் மலையாளச் செய்தியைத்தான் கேட்டோம். தமிழுக்கு வானொலியே கதி. 1993-இல் சன் டி.வி. தொடங்கி, கேபிள் வழியாக இங்கே வந்த பிறகுதான் பெட்டி தமிழ் பேசியது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளின் காதில் நாள் முழுக்கத் தமிழ் விழ ஒரு வழி கிடைத்ததே என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது தவறுமல்ல.

ஆனால் வந்த தமிழ் யாருடையது? தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. பாட்டி ஏதோ கைநழுவிப் போனதைப் பற்றி, "சவத்த விடு மக்கா, போட்டும்" என்றார். பத்து வயதுப் பேத்தி பதறிப்போய், "யாரு பாட்டி செத்துப்போனாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். குழந்தை பேசியது நல்ல தமிழ்தான். தொடரில் வரும் தமிழ். பாட்டி பேசியது வீட்டுத் தமிழ். ஒரே கூரையின் கீழ், ஒரே மொழியில், ஒருவருக்கொருவர் பொருள் சொல்ல வேண்டிய நிலை. சிரிப்பு அடங்கிய பிறகு அந்தப் பாட்டி அந்தச் சொல்லைப் பேத்தியிடம் மறுபடி சொன்னதில்லை என்று பின்னால் அறிந்தேன்.

மனோகருக்கு வந்த பயம், பெட்டி தன் வீட்டையே காட்டுகிறதே என்பது. நமக்குப் பெட்டி ஒரு நாளும் நம் வீட்டைக் காட்டியதில்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்பட, கூடவே வேளிமலை முருகன் வந்து நம் ஆரியசாலை தேவி கோயிலில் தங்கி, விழா முடிந்து ஊர் திரும்புகிறார். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழகத்தோடு சேர்ந்தபின் அவர் மாநில எல்லையைத் தாண்டித்தான் வந்துபோகிறார். இங்கே கடை, அங்கே குலதெய்வம் என்று வாழும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி உண்டா? ஆயினும் இரண்டு மொழியில் பேரம் பேசி, ஒன்றில் கனவு காணும் நம்மைப் போன்ற குடும்பம் எந்தத் தொடரிலும் வந்து நான் பார்க்கவில்லை. அங்கே நாம் இல்லை என்பதைவிட, இல்லை என்று நமக்கு உறைக்கவில்லை என்பதே எனக்கு அச்சம் தருகிறது. ஊருக்குப் பொதுவான கதையை நம் கதை என்று இருபதாண்டு பார்த்துவிட்டோம். நம் கதையைச் சொல்ல ஒருவர் எழுந்தால், "இது யார் கதை?" என்று நம் பிள்ளைகளே கேட்பார்கள்.

பேய் கைபேசிக்குப் போன பிறகு

படத்தின் கடைசித் திருப்பத்தில், செத்துப்போன கொலையாளி கைபேசி வழியாகப் பேசுகிறான். 2009-இல் அது ஒரு வேடிக்கையான பயமுறுத்தலாகத் தோன்றியது. இப்போது பார்த்தால் அது முன்னறிவிப்பு. இன்று நம் வீடுகளில் மாமியார் ஒரு கைபேசியில் ஒரு தொடர், மருமகள் இன்னொன்றில் இன்னொன்று, பிள்ளைகள் காதில் குமிழ் செருகிக்கொண்டு வேறேதோ. மனோகருக்கு உண்மை தெரிந்ததற்கு முக்கியக் காரணம், பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. போகிற வருகிறவன் கண்ணிலும் பட்டது. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் தனித்தனியாக ஓடும் கதையை யார் எட்டிப் பார்ப்பது, யார் ஒப்பிடுவது? ஆச்சியும் மருமகளும் தொடரைச் சாக்கிட்டுப் பேசிக்கொண்ட அந்தப் பேச்சுக்கும் இப்போது இடமில்லை.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இத்தகைய படம் ஒன்றைக் குடும்பங்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். 'யாவரும் நலம்' அதற்கு நல்ல தொடக்கம், சிறு குழந்தைகளை மட்டும் தவிர்க்கலாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, பெரியவர்கள் தத்தம் வீட்டுக் கதை ஒன்றை வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, என்ன சரக்கோடு சாலைத் தெருவுக்கு வந்தார்கள், யார் ஏமாற்றினார்கள், யார் கைகொடுத்தார்கள் என்று. பிள்ளைகளுக்குப் புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்கட்டும். பாட்டிமார் அந்தச் சொல்லை இரண்டாம் முறையும் சொல்லட்டும்.